வழிப்போக்கருக்கு ஒரு பாய் அளவு இடம்



நம் ஊர்ப் பக்கத்து ஜுமுஆ மேடைகளில் சென்னை என்ற பெயர் நல்ல செய்தியாக ஒலிப்பது அரிது. பிள்ளை சென்னைக்குப் போனான், தொழுகையை விட்டான். சென்னைக்குக் குடிபோனார்கள், அண்டை வீட்டார் பெயர் தெரியாமல் வாழ்கிறார்கள் என்றே பேச்சு போகும். நாமும் அப்படிப் பேசியவர்களில் ஒருவர்தாம். மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும்போதுகூட நகரம் என்றால் கவனமாக இருக்க வேண்டிய இடம் என்ற தொனியிலேயே சொல்லிவந்தோம். நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து சென்று குடியேறிய ஊரின் பெயரான மதீனா என்ற சொல்லுக்கே நகரம் என்பதுதான் பொருள் என்பதையும் அதே பிள்ளைகளுக்கு நாம் கற்பித்திருக்கிறோம். இரண்டும் ஒன்றோடொன்று மோதுவது ஏனோ நமக்கு உறைத்ததில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் உம்மாவின் இருதய சிகிச்சைக்காகச் சென்னையில் 10 நாள் தங்க நேர்ந்தது. உம்மா, நம் துணைவியார், நாம் என மூவர். இரவு இராமநாதபுரத்தில் சேது எக்ஸ்பிரஸ் ஏறினோம். விழுப்புரம் தாண்டியதும் உம்மா விழித்துக்கொண்டு, "வாப்பா, ஃபஜ்ரு வக்து வந்துருச்சா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஆடும் பெட்டியில், கழிவறைக்கு எதிரே உள்ள குழாயில் ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு ஒளூச் செய்வது 71 வயதுப் பெண்மணிக்கு எளிதன்று. கீழ்ப் படுக்கையில் அமர்ந்தவாறே தொழுதார்கள். எதிர்ப் படுக்கையில் இருந்த கல்லூரி மாணவர் ஒருவர், நாம் கேட்காமலேயே தம் காலை மடக்கிக்கொண்டு, காதில் மாட்டியிருந்த கருவியையும் கழற்றி வைத்தார். தொழுது முடிக்கும்வரை அவர் அசையவில்லை. இதை ஒரு சிறு செய்தி என்றே அப்போது எண்ணினோம்.

தங்கியது பல்லாவரத்தில், நம் அக்கா மகன் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில். அந்த வீடு கிடைக்க அவன் நான்கு மாதம் அலைந்த கதையைச் சொன்னான். தொலைபேசியில் எல்லாம் பேசி முடித்து, முன்பணத் தொகையும் ஒத்துவந்து, கடைசியில் பெயரைக் கேட்டதும் 'வீடு முடிந்துவிட்டது' என்று சொன்னவர்கள் எத்தனை பேர் என்று அவனே எண்ணிக்கையை விட்டுவிட்டானாம். சென்னையில் குடியேறிய நம் பிள்ளைகளில் இந்தக் கதை இல்லாதவர் குறைவு. அந்த வேதனையை நாம் மறைக்கவும் இல்லை, குறைத்துச் சொல்லவும் இல்லை. ஆயினும் மூன்றாண்டுகளாக அவன் எதிர்வீட்டாரின் பெயரை அறியாமல் இருந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். உம்மா வந்த இரண்டாம் நாளே அந்த வீட்டு முதியவருக்குச் சர்க்கரை நோய் என்பதும், அவர்களின் மகள் கனடாவில் இருப்பதும், அந்த அம்மையாருக்கு முழங்கால் வலி என்பதும் நம் வீட்டுக்குத் தெரிந்துவிட்டன. உம்மா செய்தது வேறொன்றும் இல்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் அமர்ந்து பூண்டு உரித்தார்கள்.

இனி நாம் சொல்ல வந்ததற்கு வருவோம்.

உம்மாவுக்குச் சிகிச்சை ஓர் அரசு மருத்துவமனையில். விடியற்காலையில் மின்சார ரயில் ஏறினால்தான் ஓ.பி. சீட்டு வரிசையில் முன்னால் நிற்க முடியும். சீட்டு வாங்கி, மருத்துவரைப் பார்த்து, எக்கோ எடுக்க டோக்கன் வாங்கி, அந்த டோக்கன் எண்ணை அழைக்கும்வரை சுவரோரம் காத்திருக்க வேண்டும். நாம் சென்ற நாளில் நம் எண் வரப் பிற்பகல் நான்கு மணியாகும் என்றார்கள். லுஹர் வக்து அதற்குள் முடிந்துவிடும்.

இங்கே ஒரு மஸ்அலாவைச் சொல்லிக்கொள்கிறோம். பயணத்தில் இருப்பவர் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாமே, அஸர் நேரத்தில் இரண்டையும் தொழுதிருக்கலாமே என்று நம் ஷாஃபிஈ வாசகர்கள் கேட்கக்கூடும். ஓர் ஊருக்குச் சென்று சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுமையாக நான்கு நாள் தங்கும் எண்ணத்தோடு சென்றவர், ஷாஃபிஈ மத்ஹபின்படி அவ்வூரை அடைந்ததும் பயணி என்ற சலுகையை இழந்துவிடுகிறார். இன்று முடியும், நாளை முடியும் என்று வேலையை எதிர்பார்த்து நிற்பவருக்கு 18 நாள்வரை சலுகை உண்டு. நமக்கோ 10 நாள் தங்க வேண்டும் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஹனஃபி மத்ஹபில் 15 நாளுக்குக் குறைவாகத் தங்குபவர் பயணியாகவே இருப்பார். நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழுவார். ஆனால் அந்த மத்ஹபில் ஹஜ்ஜின்போது அன்றி இரு தொழுகைகளை ஒரே வக்தில் சேர்ப்பதில்லை. ஆக, எந்த வழியில் பார்த்தாலும் லுஹரை லுஹர் நேரத்திலேயே தொழுதாக வேண்டிய நிலை. சட்டத்தின் கண்ணில் உம்மா சென்னைவாசி. தெருவிலோ, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியாத அந்நியர்.

மருத்துவமனையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஒரு பள்ளிவாசல் இருந்தது. நல்ல, பெரிய பள்ளி. உம்மாவைத் துணைவியார் கைத்தாங்கலாக அழைத்துவர, மூவரும் பத்து நிமிடத்தில் நடக்கக்கூடிய தூரத்தை அரை மணியில் நடந்தோம். வாசலில் மோதினாரிடம் சலாம் சொல்லி, பெண்கள் ஒளூச் செய்து தொழ ஓர் இடம் வேண்டும் என்றோம்.

அவர் நம் தாடியையும் தொப்பியையும் பார்த்துவிட்டு மிகவும் சங்கடப்பட்டார். "இங்க பெண்களுக்கு இடம் இல்லையே ஹஜ்ரத். கமிட்டியில சொல்லியிருக்காங்க. நான் என்ன செய்ய?" என்றார். மாடியில் மக்தப் நடக்கும் கூடம் இருப்பது வெளியிலிருந்தே தெரிந்தது. அதைக் கேட்டோம். சாவி செயலாளரிடம், செயலாளர் கடைக்குப் போயிருக்கிறார். மோதினாரைக் குறை கூற நமக்கு வாய் வரவில்லை. அவர் மாதச் சம்பளத்துக்கு நிற்பவர். உம்மாவுக்கு ஒரு நாற்காலியையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் கொண்டுவந்து வாசலுக்கு வெளியே வைத்தார். அவரால் ஆனது அவ்வளவே.

"நீ போய் ஜமாஅத்தோட தொழுதுட்டு வா வாப்பா. நாங்க இருக்கோம்" என்றார்கள் உம்மா.

நாம் உள்ளே போனோம். ஹவுளில் குளிர்ந்த நீர். மின்விசிறிகள் வரிசையாகச் சுழன்றன. தரைவிரிப்பு மெத்தென்றிருந்தது. பின்னால் மூன்று வரிசைகள் காலியாகவே கிடந்தன. நாம் தொழுத தொழுகைகளில் மனம் ஒன்றாமல் போனவை பல உண்டு, அல்லாஹ் மன்னிப்பானாக. ஆனால் அன்றைய லுஹர் போல ஒன்று இல்லை. ஒவ்வொரு ஸுஜூதிலும் வாசலில் இருந்த அந்த நாற்காலிதான் கண்முன் நின்றது. அந்தப் பள்ளிக்கு வெளியே, தேநீர்க் கடைக்கும் இருசக்கர வாகன வரிசைக்கும் நடுவில் உம்மா அமர்ந்திருந்தார்கள். எவருக்குக் குர்ஆனை முதலில் யார் கற்றுக்கொடுத்தார் என்று கேட்டால், நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் உம்மாதாம்.

மருத்துவமனைக்குத் திரும்பினோம். மணி இரண்டே காலைத் தாண்டியிருந்தது. துணைவியார் நடைபாதையில் எங்கேனும் ஒரு மூலை கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தபோது, தரையைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் ஒருவர், நெற்றியில் குங்குமம் இட்ட நடுவயதுப் பெண்மணி, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னதும், "அவ்ளோதானா? வாங்க பாட்டி" என்று உம்மாவின் கையைப் பிடித்தார். படுக்கை விரிப்புகளைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைக்கும் சிறு அறை ஒன்றைத் திறந்தார். கட்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். ஒரு முறை கூட்டி, ஈரத் துணியால் இரண்டு முறை துடைத்து, சலவையாகி வந்த விரிப்பு ஒன்றை உதறி விரித்தார். பணியாளர்களுக்கான குழாயடிக்கு அழைத்துச் சென்று உம்மா ஒளூச் செய்யும்வரை முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு, "எந்தப் பக்கம் பாத்து கும்பிடுவீங்க?" என்று கேட்டு, அந்தத் திசையில் சுவரோரம் கிடந்த செருப்புகளையும் எடுத்து அப்புறப்படுத்தினார்.

உம்மாவும் துணைவியாரும் தொழுது முடிக்கும்வரை கதவுக்கு வெளியே துடைப்பத்தை ஊன்றியவாறு நின்றார். எவரோ விரிப்பு கேட்டு வந்தபோது, "அஞ்சு நிமிஷம் கழிச்சு வா" என்று திருப்பி அனுப்பியதை நம் காதால் கேட்டோம். அது அவருடைய உணவு நேரம் என்பது பிறகுதான் தெரிந்தது.

திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 36ஆம் வசனத்தில், நன்மை செய்யப்பட வேண்டியவர்களை அல்லாஹ் வரிசைப்படுத்திச் சொல்கிறான். பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், நெருங்கிய அண்டை வீட்டார், தூரத்து அண்டை வீட்டார் ஆகியோரைச் சொன்ன பிறகு, 'அஸ்ஸாஹிபு பில்ஜன்ப்' என்று ஒருவரைக் குறிப்பிடுகிறான். பக்கத்தில் இருக்கும் தோழர். அதை அடுத்து வழிப்போக்கர். இந்தப் பக்கத்துத் தோழர் யார் என்பதில் விரிவுரையாளர்கள் பல கருத்துகளைச் சொல்லியிருக்கிறார்கள். மனைவி என்றார்கள் சிலர். பயணத்தில் உடன் வருபவர் என்றார்கள் பலர். உடன் கற்பவர், உடன் தொழில் செய்பவர், ஓர் அவையில் அருகில் அமர்ந்திருப்பவர் என்றெல்லாம் விரித்தவர்களும் உண்டு. பல ஆண்டுகள் மாணவர்களுக்கு இந்த வசனத்தை விளக்கியபோது, 'பயணத் தோழர்' என்று ஒரே சொல்லில் கடந்து போயிருக்கிறோம். பெருநகரத்தில் 10 நாள் இருந்த பிறகே அச்சொல்லின் அகலம் நமக்குப் புலப்பட்டது. ஊரில் அண்டை வீட்டார் என்பவர் நாற்பதாண்டு உறவு. நகரத்திலோ அண்டை என்பது பல்லாவரத்திலிருந்து எழும்பூர்வரை நீடிக்கும் ஓர் இருக்கை. மருத்துவமனை வரிசையில் முன்னும் பின்னும் நிற்கும் இருவர். அரை மணி நேர அண்டை வீட்டார்! அவருக்கும் உரிமை உண்டு என்று வசனம் சொல்கிறது. காலை மடக்கிக்கொண்ட அந்த மாணவரும் கதவருகே நின்ற அந்தப் பெண்மணியும் இந்த வசனத்தை ஓதியவர்கள் அல்லர்.

இதை எழுதும்போது, சென்னை முஸ்லிம்கள் வழிப்போக்கரை மறந்தவர்கள் என்று எவரும் பொருள்கொள்ள வேண்டாம். அது நியாயமாகாது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே சித்தீக் சராய் நிற்கிறது. மேல்விஷாரத்தைச் சேர்ந்த வள்ளல் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் அவர்கள் பயணிகளுக்காகவே கட்டி வைத்த தங்குமிடம் அது. தோல் வணிகத்தில் ஈட்டிய பொருளை எங்கே செலவிட வேண்டும் என்று அவர்கள் யோசித்தபோது, ரயிலிலிருந்து மூட்டையோடு இறங்கி எங்கே போவது என்று திகைத்து நிற்பவர் அவர்களின் நினைவுக்கு வந்திருக்கிறார். மண்ணடியில் நம் கடற்கரை ஊர்களின் வணிகர்கள் தம் ஊர்ப் பிள்ளைகளைக் கடை மாடியில் தங்கவைத்துப் படிக்கவும் பிழைக்கவும் வழிசெய்த காலத்தை நம் தந்தையர் தலைமுறை மறக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையின் பள்ளிவாசல்கள் பல சாதி, மதம் பாராமல் கதவைத் திறந்து மக்களைத் தங்கவைத்தன. உணவு சமைத்துக் கொடுத்தன. ஆண், பெண், குழந்தை என்று அன்று எவரும் பிரித்துப் பார்த்ததாக நாம் கேள்விப்படவில்லை.

திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளியைப் பாருங்கள். 1795இல் நவாப் வாலாஜா குடும்பத்தார் கட்டிய வாலாஜா பள்ளிவாசல். அங்கே ரமளான் மாலைகளில் நோன்பாளிகளுக்கு உணவைத் தயாரித்து எடுத்துவந்து பரிமாறுபவர்கள், தேசப் பிரிவினையின்போது சிந்து மாகாணத்தை விட்டு வந்த குடும்பங்களைச் சார்ந்த, மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பின் தொண்டர்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. ஒரு காலத்தில் தாமே வழிப்போக்கராக வந்திறங்கியவர்கள், நோன்பு திறக்க எங்கே போவது என்று அறியாத வழிப்போக்கருக்குத் தட்டை நீட்டுகிறார்கள். இப்படிப்பட்ட நகரம் இது.

ஆகவே கருணை இல்லாத ஊர் என்று குற்றம் சாட்ட நமக்கு மனமில்லை. ஆனால் இந்த ஏற்பாடுகளில் எல்லாம் நம் தாய்மாரும் சகோதரிகளும் நண்பகலில், வெளியூரில், ஒளூச் செய்ய ஒரு குழாயும் தொழ ஒரு பாயும் தேடி நிற்பார்கள் என்பதைக் கணக்கில் எடுத்தவர்கள் மிகக் குறைவு. தியாகராய நகரில் சில துணிக்கடைகள் இதைக் கணக்கில் எடுத்திருக்கின்றன! ஒரு மாடியின் ஓரத்தில் திரையிட்டு, பாய் விரித்து வைத்திருப்பதை நாமே கண்டோம். பெண்கள் தொழ இடமின்றிச் சீக்கிரம் புறப்பட்டுவிட்டால் விற்பனை குறையும் என்பது வணிகருக்குத் தெரிகிறது. பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு அப்படி ஓர் இழப்புக் கணக்கு இல்லை.

பெண்கள் பள்ளிக்கு வந்து ஜமாஅத்தில் தொழலாமா, வீட்டில் தொழுவது சிறப்பா என்ற பழைய விவாதத்தை நாம் இங்கே கிளற வரவில்லை. அவர்களைப் பள்ளிக்கு வருவதிலிருந்து தடுக்க வேண்டாம் என்ற நபிமொழியும் உண்டு. அவர்களுக்கு வீடே சிறந்தது என்ற நபிமொழியும் உண்டு. இரண்டையும் வைத்து நம் முன்னோர் எழுதியவை அலமாரி நிறைய இருக்கின்றன. நாம் சுட்டிக்காட்ட விரும்புவது ஒன்றே. வீடு சிறந்தது என்ற சொல், வீடு அருகில் இருப்பவரைப் பற்றியது. உம்மாவின் வீடு 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அவர்களுக்கு முன் அன்று இருந்த தேர்வு வீடா, பள்ளியா என்பதன்று. பள்ளியா, நடைபாதையா என்பதே.

நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளி எப்படி இருந்தது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பேரீச்ச மரத் தூண், ஓலைக் கூரை, மண் தரை என்று சொல்வோம். வீடற்ற தோழர்கள் தங்கியிருந்த திண்ணையைப் பற்றியும் சொல்வோம். அதே பள்ளியில், விடுதலை பெற்ற கறுப்பின அடிமைப் பெண் ஒருவருக்குச் சிறு கூடாரம் ஒன்று இருந்தது என்று புகாரியில் வருவதை எத்தனை பேர் சொல்கிறோம்? தம் கூட்டத்தாரால் திருட்டுப் பழி சுமத்தப்பட்டு, பழி பொய்யென்று தெளிவானபின் அவர்களை விட்டு மதீனா வந்தவர் அவர். உற்றார் இல்லாத அந்தப் பெண்ணுக்குப் பள்ளியின் எல்லைக்குள்ளேயே இடம் கிடைத்தது. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு, தாம் அருகிலிருந்து நலம் விசாரிக்க வசதியாகப் பள்ளியிலேயே கூடாரம் அமைக்கச் செய்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். காயங்களுக்கு மருந்திட்ட ருஃபைதா என்ற பெண்மணியின் கூடாரம் அது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நோயாளி, மருத்துவம் செய்யும் பெண், நலம் விசாரிக்க வருவோர் என எல்லாரும் பள்ளிக்குள்ளே.

பின்னாளில் கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் ஸமர்கந்துப் பக்கத்து ஆளுநருக்கு எழுதிய கட்டளை ஒன்றைத் தபரி பதிவு செய்திருக்கிறார். வழிநெடுகச் சத்திரங்கள் அமையுங்கள். கடந்து செல்லும் முஸ்லிமை ஒரு பகலும் ஓர் இரவும் உபசரியுங்கள். நோயுற்றவராக இருந்தால் இரண்டு பகலும் இரண்டு இரவும் என்பது அதன் கருத்து. நோயாளிக்கு இரட்டிப்பு! மருத்துவமனை வாசல்களில் நாம் கண்ட முகங்களை நினைக்கும்போதெல்லாம் இந்த இரட்டிப்புக் கணக்கு நினைவுக்கு வருகிறது.

நிர்வாகிகளின் சங்கடங்களை நாம் அறியாதவர் அல்லர். பெருநகரத்தில் இடம் பொன். ஐந்து செண்டுப் பள்ளியில் ஜுமுஆவுக்கு ஆண்களுக்கே தெருவில் பாய் விரிக்க வேண்டியிருக்கிறது. பொருள்கள் திருடு போகின்றன. யார் எவர் என்று தெரியாமல் கதவைத் திறந்து வைத்து ஏதேனும் நேர்ந்தால் பழி நிர்வாகத்தின் தலையில். இவை எல்லாம் மெய்யே. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான பள்ளிகளில் மக்தப் கூடம் ஒன்று உண்டு. காலை எட்டு, எட்டரைக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டால் அது மாலைவரை பூட்டியே கிடக்கும். மருத்துவமனைகளுக்கு வெளியூர்க் குடும்பங்கள் வந்து போகும் நேரமும் ஏறக்குறைய அதுவேதான். கூடத்துக்குத் தனிப் படியோ தனி வாசலோ இருந்தால் ஒரு திரை போதும். ஒரு குழாய், மூட்டு வலிக்காரர் அமர ஒரு நாற்காலி, கழிப்பறை ஒன்று. சாவி செயலாளரின் சட்டைப் பையில் இராமல், பகல் முழுவதும் அங்கே இருக்கும் ஒருவரிடம் இருக்க வேண்டும். மஹல்லாவில் கைம்பெண்ணாக, வருவாய் தேடி நிற்கும் சகோதரி ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து அந்தப் பொறுப்பை ஒப்படைக்கலாமே. சென்னையின் எல்லாப் பள்ளிகளையும் நாம் கேட்கவில்லை. பெரிய மருத்துவமனைகளுக்கும் ரயில், பேருந்து நிலையங்களுக்கும் அருகில் உள்ளவற்றையே கேட்கிறோம். இதைச் செய்துவரும் பள்ளிகளும் நகரத்தில் உண்டு. அவற்றின் வாசலில் சாலையிலிருந்து பார்த்தால் தெரியும்படி ஒரு பலகை இருந்தால் போதும், எத்தனையோ குடும்பங்கள் அலையாமல் போகும்.

இது புதுமை என்று மிரள்வோர் காயல்பட்டினம் போய்வரலாம். அங்கே பெண்களுக்கென்றே தைக்காக்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ரமளானில் பெண்கள் அங்கே கூடித் தொழுகிறார்கள், ஓதுகிறார்கள். இவை நேற்று வந்த சிந்தனையாளர்கள் கட்டியவை அல்ல. பர்தாவைப் பேணுவதில் எவருக்கும் குறையாத நம் பாட்டிமார் காலத்து ஏற்பாடு. கடற்கரைச் சிற்றூரில் பாட்டிக்கு இருந்த இடம், மாநகரத்தில் பேத்திக்கு இல்லாமல் போனது எப்படி?

இவ்வளவும் எழுதிவிட்டு, நம் சொந்தப் பள்ளியைப் பற்றி எழுதாமல் விட்டால் அது நேர்மையாகாது. நம் பள்ளி கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஏர்வாடி செல்லும் வழியில் இருக்கிறது. எங்கெங்கிருந்தோ வேன்களில் குடும்பங்கள் வரும். ஆண்கள் இறங்கித் தொழுவார்கள். பெண்கள் வேனுக்குள், வெயிலில். "பெண்கள் தொழ இடம் உண்டா?" என்று கேட்டவர்களிடம், "ஏர்வாடி பக்கம்தான், அங்கே போய்த் தொழுதுகொள்ளுங்கள்" என்று எத்தனையோ முறை பதில் சொன்னது நம் நாவுதான். சொன்னபின் அதைப் பற்றி ஒரு கணமும் எண்ணியதில்லை. சென்னையிலிருந்து திரும்பும் வழியில், ரயிலில், அந்த வேன்களின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகங்களை நினைவுபடுத்த முயன்றோம். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

ஊர் திரும்பியதும் ஜமாஅத் கூட்டத்தில் இதைப் பேசினோம். நிர்வாகத்தில் மூத்தவரான காக்கா ஒருவர், "ஹஜ்ரத், நீங்க ஓதிக்கொடுக்குறவங்க. நீங்களே ஃபித்னாவுக்குக் கதவைத் திறக்கலாமா?" என்றார். நாம் வசனமும் ஹதீஸும் எடுத்துச் சொன்னோம். அவரும் எடுத்துச் சொன்னார். கடைசியில் அவரை அசைத்தது எந்த ஆதாரமும் அன்று. அவருடைய மகள் மதுரையில் மகப்பேறு மருத்துவமனை அலைந்த காலத்தில் எங்கே தொழுதாள் என்று வீட்டில் கேட்டிருக்கிறார். மகள் சொன்ன பதில் நமக்குத் தெரியாது. அடுத்த கூட்டத்தில் அவர் எதிர்க்கவில்லை. ஆதரிக்கவும் இல்லை.

மதரஸாவின் பக்கவாட்டு அறை, தெருவை நோக்கிய தனிக் கதவு உள்ளது, இப்போது காலை ஒன்பது முதல் மாலை நான்கரைவரை வழிப்போக்கர் பெண்களுக்காகத் திறந்திருக்கிறது. பலகை வைப்பதில் மட்டும் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை. ஆகவே கேட்பவர்களுக்குத்தான் தெரியும். எதிரே உள்ள பழக்கடைக்காரர் வேன் நின்றால் தாமாகவே போய்ச் சொல்லி அனுப்புகிறார். முதல் மாதத்திலேயே இரண்டு பாய்கள் காணாமல் போயின. "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் காக்கா. மூன்றாம் நாள் அவர் வீட்டிலிருந்து நான்கு பாய்கள் வந்து சேர்ந்தன.

உம்மாவுக்கு மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. புறப்படுவதற்கு முதல் நாள் கீழக்கரையிலிருந்து ஒரு கிலோ தொதல் வாங்கி வரச் சொன்னார்கள். யாருக்கென்று கேட்டோம். "அந்தப் புள்ளைக்குத்தான். அன்னிக்கு அவ சாப்பாட்ட விட்டுட்டு நின்னா" என்றார்கள். மருத்துவமனையில் அதே நடைபாதைக்குப் போனோம். விரிப்பு அறை பூட்டியிருந்தது. துடைத்துக்கொண்டிருந்தவர் வேறொருவர். பெயரைக் கேட்டார், நாங்கள் மூவருமே அன்று பெயர் கேட்காமல் வந்திருந்தோம். குங்குமம், நடுவயது, கொஞ்சம் உயரம் என்று துணைவியார் அடையாளம் சொன்னார். ஒப்பந்தம் மாறி, பழையவர்களை வெவ்வேறு கட்டடங்களுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்தது. உம்மா விடவில்லை. எக்கோ முடிந்தபின், தொதல் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, சக்கர நாற்காலியைத் தள்ளச் சொல்லி, ஒவ்வொரு கட்டடமாகத் தேடினார்கள். மூன்றாவது கட்டடத்தின் மாடிப்படியருகே, "பாட்டி!" என்று ஒரு குரல் மேலிருந்து கேட்டது.